ஈரப்பதம் எண்பத்தொன்பது

இரவு வேலை முடிந்து
தண்டவாள எண்ணெய் நகத்தை விட்டுப் போகாமலே
சமையலறை ஜன்னலோரம் உட்காருகிறேன்.
ஏழு மணி. பீஷானில் ஈரப்பதம் எண்பத்தொன்பது.
தாளில் தண்ணீர் தடவினால்
அது காய்வதற்குள்
தோசை வார்த்துத் தின்று
தட்டும் கழுவிவிடலாம்.

குளிர்நாட்டுக்காரர் எழுதிய பயிற்சிப் புத்தகம்
முதல் பூச்சு காய
இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்கிறது.
பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
பொய்.

மூன்று வருடம் ஆகிறது.
பிராஸ் பசா கடையில்
பருத்தித் தாள் ஒன்று ஒன்பது வெள்ளி,
நான்காக வெட்டினால் துண்டு இரண்டேகால்.
இப்படிக் கணக்குப் பார்க்கிறவன் கை நடுங்கும்.
முதல் வருடத்து மரங்களுக்கெல்லாம் குளிர்காய்ச்சல்.
இந்த ஊரில் பச்சைதான் கஷ்டம்.
டியூபில் வரும் எந்தப் பச்சையும்
தூங்குமூஞ்சி மரத்திடம் செல்லாது.
நீலத்தில் மஞ்சள், அதில் ஒரு பொட்டு செம்மண்,
அப்புறமும் மரம்
இன்னும் கொஞ்சம் என்கிறது.

ஞாயிறு குழுவில் மிஸ்டர் குவெக்,
ஓய்வுபெற்ற பல் வைத்தியர்,
என் படத்தை வாங்கித் தூர நீட்டி
கிட்டக் கொண்டுவந்து
"தண்ணீர் நிறைய" என்றார்.
பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

இப்போது வரைவது எதிர் புளோக்கின் துணிக்கழிகளை.
பதினாறு வாரமாக அதே பத்து மாடி.
நாலாம் மாடியில் செவிலியர் சீருடை,
ஆறில் ஏழாம் நம்பர் ஜெர்சி,
எட்டில் எப்போதும் பாத்திக் போர்வை,
ஒன்பதில், வாராவாரம்,
ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை.
கழி ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளிவர
விமான நிலையச் சோதனையில்
நிற்பவர் மாதிரி நிற்கும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை கிடையாது.
விற்கிறார்கள், வாங்கினவன் வெளியே சொல்ல மாட்டான்.
தொடாமல் விட்ட தாள்தான் வெள்ளை.
சுற்றிலும் சாம்பல் பூசிக்கொண்டே வந்து
கையை நிறுத்த வேண்டும்,
நிறுத்திய இடத்தில் சட்டை.
வேலையிலும் இதுதான் எனக்கு.
ரயில் ஓடாத மூன்று மணி நேரம் மட்டும்
தண்டவாளம் எங்களுடையது.

போன மாதம் துணிந்து
வெட்டாத முழுத்தாளை எடுத்தேன்.
வழக்கம்போல் இடம் விட்டு
சுவரை முடித்துத் தலை நிமிர்ந்தால்
சட்டை இல்லை.
அடுத்த வாரமும் வெறும் கழி.
என்னென்னவோ நினைத்தேன்,
நினைத்ததை எழுத வேண்டாம்.
"போய்த்தான் கேளுங்களேன்" என்றாள் மங்கையர்க்கரசி.
தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி
சட்டைக்கு என்ன ஆயிற்று என்றா?

போனேன்.
சட்டையின் கக்கத்து நிழலை மட்டும்
காலையில் இன்னொரு முறை இருட்டாக்கிவிட்டு,
பலகையோடு,
லிஃப்டில் நால்வருக்கு இடைஞ்சலாக.

கதவைத் திறந்தவர்
அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.
பெயர் ஃபாட்லி, ஹோட்டலில் பரிமாறுபவர்,
காலில் ஒரு ஷூ, கையில் ஒரு ஷூ.
"டிரையர் வாங்கிவிட்டோம்.
பாதி விலை" என்றார்.
உள்ளே அது சுற்றிக்கொண்டிருந்தது.
இந்த ஊரின் ஈரத்தை
அறுநூறு வெள்ளிக்கு ஜெயித்துவிட்ட சத்தம்.

படத்தைக் கீழிருந்து எண்ணினார்.
ஜெர்சியைக் கண்டு சிரித்தார்.
ஒன்பதில் நின்று
நான் எதுவும் வரையாத இடத்தைக் காட்டி
"இது நானா?" என்றபோது
விரல் வழுக்கி நிழலைத் தொட்டு
வெள்ளையில் பதிந்தது.
இன்னும் காயவில்லை.

பதறிப்போனார்.
பரவாயில்லை என்றேன்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்தால்
போய்விடும். பருத்தித் தாள், தாங்கும்.
மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது
சாம்பல் நிறத்தில் ஒரு ரேகை.
பாக்கெட் இருக்க வேண்டிய இடம்தான்.